பதினொரு பச்சைப் புள்ளி

இருங்க அண்ணா, எழும்பாதீங்க. இந்த மழைக்குள்ள அந்த ஒபிஸ் டெப்லெட்டத் தூக்கிக்கொண்டு எங்க ஓடப்போறீங்க? பஸ் ஹோல்ட்டுக்குப் போய்ச் சேரேக்க டெப்பும் நனைஞ்சிருக்கும், நீங்களும் நனைஞ்சிருப்பீங்க. இருந்து ஒரு பிளேன்ரீ குடிங்க. நான் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லுறன். கேட்டா வயிறு நோகச் சிரிப்பீங்க. சிரிக்காட்டி என்ட பேர் யூஜினா இல்ல.

இப்ப சொல்லமாட்டன். முதல் ரீ வரட்டும். வெறுவாயோட பகிடி கேக்கக்கூடாது.

நானா, இங்க ரெண்டு பிளேன்ரீ, இஞ்சி போட்டு. மீன் வச்ச மாலு பணிஸ் இருந்தா அதும் ரெண்டு. பாத்தீங்களா அவர் பாக்கிற பார்வைய? இப்ப என்ன சொல்லுவார் தெரியுமா? என்ன புள்ள, மழ பேஞ்சாத்தானா ஏன்ட கட ஞாவகம் வாற? சல்லி ஈக்கா, இல்லாட்டி இண்டைக்கும் பகிடிதானா?... ஐயோ இல்ல நானா, உங்களச் சொல்லேல்ல. மாளிகாவத்தையில வேற ஒரு நானா இருக்கிறார், அவரச் சொன்னனான்.

நீங்க சிரிக்கேல்ல. அந்த மனிசனே சிரிக்கிறார், நீங்க சிரிக்கேல்ல. காலையில பூசை முடிஞ்ச கையோட தோட்டத்துக்குள்ள வந்தீங்க. பதினொரு கதவையும் தட்டினீங்க. பதினொரு பேரும் ஒரே வசனம்தான் சொன்னாங்க. நாங்க ஒருத்தரோடயும் போன்ல கதைக்கேல்ல தம்பி. எங்கட வீட்டில அப்பா சொன்னார், நான் வாசல் படியில இருந்து வெங்காயம் உரிச்சுக்கொண்டு பாத்தனான். ஒவ்வொரு கதவும் பூட்டப் பூட்ட நீங்க கொஞ்சம் கொஞ்சமாக் கட்டையாப் போறமாதிரி இருந்துது.

நாளைக்குக் காலம ஒன்பது மணிக்குத்தானே உங்கட ஒபிஸ்ல விசாரணை? எப்பிடித் தெரியுமெண்டா, நீங்க மேபல் அன்ரியிட வாசல்ல நிண்டு சொன்னது முழுத் தோட்டத்துக்கும் கேட்டது. எங்கட சுவரெல்லாம் பலகைதானே. முதல் வீட்டில தும்மினா மூண்டாம் வீட்டில யேசுவே எண்டுவாங்க. அன்ரி, நீங்க என்னோட கதைச்சீங்க எண்டு ஒரு வரி எழுதித் தாங்க, இல்லாட்டி நாளைக்கு என்ட வேலை போயிடும் எண்டு கேட்டீங்க. அதுக்கு அவ சொன்னதும் கேட்டது. அதைச் செய்து காட்டமாட்டன். நீங்க இன்னும் சாப்பிடேல்ல.

சாப்பிடுங்க. வெள்ளவத்தைக்குப் போய்ச் சேரேக்க உங்கட போர்டிங்காரி குசினியப் பூட்டிப்போடுவா.

என்ன? எனக்கு எப்பிடித் தெரியுமா? இருங்க, எல்லாத்துக்கும் ஒரு ஓடர் இருக்கு. பகிடிய அடியில பிடிச்சுத் தூக்கினா அறுந்துபோயிடும்.

என்னை ஞாபகம் இருக்குத்தானே? பெப்ரவரியில நீங்க வீட்டுச் சேர்வேக்கு முதல் முதல் வந்தப்ப உங்களுக்குப் பின்னாலயே திரிஞ்ச பெட்டை நான்தான். ஏ.எல். சோதினை எழுதிப்போட்டு வீட்டில சும்மா இருந்தனான். அப்பா ஹாபர்ல வேலை, அம்மா குவைத்தில. பகல்ல எங்கட தோட்டத்தில நானும் பூனையளும்தான். மற்ற எல்லாரும் புறக்கோட்டையில இல்லாட்டி ஆருடயோ ஃபிளட்டில குசினி வேலை. நீங்க வந்து, ராகுலன் எண்டு பேர் போட்ட அட்டையக் காட்டி, இங்க தோட்டம் எங்க இருக்கு எண்டு கேட்டீங்க. இதுதான் எண்டன். மரத்தத் தேடினீங்க. பாவம்.

தோட்டமெண்டு பேர் மட்டும்தான் அண்ணா. ஒரு ஒழுங்கை, ரெண்டு பக்கமும் பதினொரு வீடு, கடைசியில ரெண்டு கக்கூஸ். அதில ஒண்டு போன மழைக்கு இடிஞ்சுபோச்சு. பிறகு மற்றதும் நிறைஞ்சுபோச்சு. இப்ப அங்கால தோட்டத்துக் கக்கூசுக்குத்தான் போறம், அவங்களிட்டப் பூட்டுத் திறப்புக் கேட்டு, வாளியில தண்ணியும் தூக்கிக்கொண்டு.

அண்டைக்கு நீங்க ஒவ்வொரு வாசல்லயும் நிண்டு டெப்பில புள்ளி வச்சீங்க. எனக்கு நல்லா ஞாபகம். எங்கட ஒழுங்கைக்கு மேல வானம் ஒரு நாடா அகலம்தானே, அதால உங்கட டெப்புக்கு சட்டலைட் பிடிபடேல்ல. நீங்க றேமண்ட் அங்கிளிட வாசல்ல நிக்கிறீங்க, புள்ளி பறந்துபோய் கன்னியர் மடத்துக்குள்ள நிக்குது. நான் அண்டைக்கு முழுக்க எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சனான், றேமண்ட் அங்கிள் சிஸ்டர்மாரோட குடியிருக்கிறார் எண்டு. ஆனா நீங்க விடேல்ல. வெயில்ல அப்பிடியே நிண்டீங்க, புள்ளி ஓடி ஓடிக் களைச்சுத் திரும்பி வரும்வரைக்கும். பதினொரு வாசல்லயும். வேற ஆளெண்டா ஒழுங்கை வாசல்ல நிண்டே பதினொண்டையும் குத்திப்போட்டுப் போயிருக்கும். அதாலதான் எனக்கு... சரி, பிறகு சொல்லுறன்.

பிறகு மேல இருந்து எடுத்த படத்தக் காட்டினீங்க. முழுக் கொட்டாஞ்சேனையும் ஒரு உள்ளங்கைக்குள்ள. நடுவில சின்னதா ஒரு நீலம். இது என்ன எண்டு கேட்டன். உங்கட கூரை தங்கச்சி எண்டீங்க. அப்பா போன வருஷம் ஒழுக்குக்குக் கட்டின நீலப் படங்கு. அது வானத்தில இருந்து தெரியுது! கடவுள் எங்கள இப்பிடித்தான் பாக்கிறார்போல எண்டு நினைச்சன். நீலமாத்தான் தெரியிறம்.

இந்தப் புள்ளி எல்லாம் என்னத்துக்கு எண்டு கேட்டன். நீங்க சொல்லேல்ல. எங்கட மெடம் சொல்லவேணாமெண்டவ, என்னத்துக்கெண்டு தெரிஞ்சா சனம் பொய் சொல்லுமாம் எண்டீங்க. இப்ப சிரிப்பு வருதா? இல்லையா? எனக்கு வந்துது அண்ணா, ஜூலை மாசம். அழுகை மாதிரி ஒரு சிரிப்பு.

ஆளுகள் இல்லாதபடியா பின்னேரத்தில போன் எடுத்துக் கேக்கிறன் எண்டு என்னட்டப் பதினொரு நம்பரும் வாங்கினீங்க. ஒபிஸ் லைன் பழுதெண்டு உங்கட சொந்தப் போன்ல எடுத்தீங்க. அதுதானே இப்ப வினையாப் போச்சு? கோல் போனதுக்கு உங்கட போன்ல அடையாளம் இருக்கு. என்ன கதைச்சதெண்டு ஒரு இடத்திலயும் இல்ல. கதைச்ச ஆளுகளும் கதைக்கேல்ல எண்டு நிக்குது. அப்ப உங்கட மெடம் என்ன சொல்லுவா? மல்லி, ஒயா கெதர இந்தன் பிரெவ்வத? வீட்டில இருந்துகொண்டே நிரப்பினதா தம்பி?

நான் அவவக் கண்டதே இல்ல. நுகேகொடையில ஏசி அறையில இருக்கிற மெடம்மார் எல்லாருக்கும் ஒரே குரல்தானே.

சரி. எங்கட தோட்டத்து ஆக்களப் பற்றி உங்களுக்கு ஒண்டு தெரியவேணும். நாங்க ஒருத்தரும் எங்கட விலாசத்தச் சொல்லமாட்டம். உங்களுக்கு விளங்காது, உங்களுக்குச் சொல்லுற மாதிரி ஒரு விலாசம் இருக்கு. வேலைக்கு அப்ளிக்கேஷன் போடேக்க தோட்டத்துப் பேர எழுதினா இன்டர்வியூவுக்கே கூப்பிடமாட்டாங்க. பேங்க்கில பாக்கிற பார்வையே வேற. அதால நாங்க எல்லாரும் றோட்டு நம்பர மட்டும் எழுதுவம். பள்ளிக்கூடத்தில என்ட கூட்டாளி றுஷ்னா வீட்டுக்கு வரவா எண்டு கேட்டப்ப, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறாங்க எண்டு ஆறு வருஷம் சொன்னனான். ஆறு வருஷம் அண்ணா. தாஜ்மகாலுக்குக்கூட அவ்வளவு பெயின்ட் போகாது.

வீட்டில பைப் இருக்கா எண்டு ஆர் கேட்டாலும் ஓம். கக்கூஸ் உள்ளுக்கா எண்டு கேட்டா ஓம், உள்ளுக்குத்தான். யோசிக்கிறதே இல்ல, வாய் தானாச் சொல்லும். அண்டைக்கு மேபல் அன்ரிக்கு உங்கட கோல் வந்த நேரம், சின்ன மகளுக்கு நீர்கொழும்பில ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தாங்க. போன்ல ஒரு ஆள் மரியாதையாக் கதைச்சு, வீடு சொந்தமா, எத்தின அறை, கக்கூஸ் தனியவா எண்டு கேட்டா என்ன நினைப்பாங்க? மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஆள் வச்சு விசாரிக்கிறாங்க எண்டு பயந்துபோய் அன்ரி ரெண்டு கையாலயும் சைகை காட்டினவ. இருக்கெண்டு சொல்லு, இருக்கெண்டு சொல்லு.

ஆருக்குச் சைகை காட்டினவ எண்டா?

ரீ ஆறுது அண்ணா, குடிங்க.

முதல்ல பியானோவுக்கு வாறன். உங்கட ஃபோமில இருக்குத்தானே, மேபல் அன்ரி வீட்டில பியானோ ஒண்டு இருக்கெண்டு? கேள்வி என்னெண்டா, வானொலி, தொலைக்காட்சி, வேறு பொழுதுபோக்குச் சாதனங்கள். இண்டைக்கு அந்த வீட்டக் கண்டீங்கதானே. கதவத் திறந்தா கட்டில்ல இடிக்கும். பியானோ எங்க வைக்கிறது? பியானோவ வச்சா அதுக்குள்ளதான் அன்ரி குடியிருக்கவேணும். ராவில மூடியப் பூட்டிக்கொண்டு, விடிய மேல தட்டினாத் திறக்கிறது.

ஆ, வந்துது! கொஞ்சம் வந்துது. வாய் ஒரு பக்கம் போச்சு. ஆனா நான் சொல்லுறனெண்ட பகிடி இதில்ல. அது இன்னும் இருக்கு.

அவ சொன்னதத்தான் எழுதினன் எண்டுறீங்க. ஓம் அண்ணா, நீங்க கேட்டதத்தான் எழுதினீங்க. நான் இல்லையெண்டு சொல்லேல்லயே. நாளைக்கும் அதைத்தான் சொல்லவேணும்.

அப்பிடியே றேமண்ட் அங்கிளுக்கு ரெண்டு வோஷிங் மெஷின். றேணுகா அக்காக்கு அறையோட சேர்ந்த பாத்றூம், சுடுதண்ணி ஷவரோட. எங்கட வீட்டுக்கு மாபிள் நிலம். பதினொரு வீட்டுக்கும் உள்ளுக்குக் கக்கூஸ், உள்ளுக்குப் பைப். நீங்க ஒவ்வொண்டுக்கும் மிச்சம் நல்லது அம்மா, மிச்சம் நல்லது ஐயா எண்டு சொல்லி எழுதினீங்க. ஒரு சந்தேகமும் இல்லாம. எல்லாம் இருக்கெண்டு படத்தில பதினொரு புள்ளியும் பச்சை. சுத்திவர எல்லாத் தோட்டமும் சிவப்பு, நடுவில நாங்க. கொட்டாஞ்சேனைக்குள்ள பணக்காரருக்கெண்டு ஒரு குட்டிக் கொழும்பு ஏழு.

ஜூலை மாசம் கிராம சேவகரிட ஒபிஸ்ல லிஸ்ட் ஒட்டினாங்க. சிவப்புப் புள்ளி கூடின தோட்டங்களுக்கு முதல்ல புதுக் கக்கூஸ், தண்ணி லைன். அங்கால தோட்டத்துக்கு வந்துது. பின்னால தோட்டத்துக்கு வந்துது. எங்களுக்கு இல்ல. அப்பதான் எனக்கு விளங்கினது அந்தப் புள்ளி என்னத்துக்கெண்டு. உலகத்தில ஒரே ஒரு இடத்தில, ஒரே ஒருக்கா, எங்களிட்ட இல்ல எண்டு உண்மையச் சொல்லியிருந்தா ஒண்டு கிடைச்சிருக்கும். அந்த ஒருக்காவும் நாங்க இருக்கெண்டு சொல்லிப்போட்டம்.

நாங்க எண்டா... சரி, விடுங்க.

றேணுகா அக்காவ நீங்க இண்டைக்குக் காணேல்ல. அவவிட புருஷன்தான் கதவத் திறந்தவர். ஏழு மாசம் அவவுக்கு. போன வியாழக்கிழமை காலம, வாளியோட அங்கால தோட்டத்துக்குப் போகேக்க அந்தப் பாசி பிடிச்ச கல்லில சறுக்கி விழுந்தவ. ஆஸ்பத்திரியில வச்சிருக்கிறாங்க. பிள்ளைக்கு ஒண்டுமில்லையாம், ஆனா கட்டில்ல இருந்து இறங்கக்கூடாதாம். நான் நேத்துப் போய்ப் பாத்தனான். எப்பவும் என்னக் கண்டா எங்க, மேபல் அன்ரி மாதிரிக் கதைச்சுக் காட்டு எண்டு கேக்கிறவ. நேத்தும் கேட்டவ. கட்டில்ல கிடந்துகொண்டு கேட்டவ அண்ணா. வாயத் திறக்கிறன், சுடுதண்ணி ஷவர்தான் ஞாபகம் வருது.

இல்ல, நான் அழேல்ல. வெங்காயம் உரிச்ச கையால கண்ணத் துடைச்சிட்டன்.

மழை குறையிற மாதிரி இருக்கு. ஆனா போகாதீங்க, இன்னும் சொட்டுது. இன்னொண்டு சொல்லவேணும். உங்களுக்கு எதிரா ஒரு பெட்டிசன் வந்துதுதானே? பதினொரு வீட்டுக் கையெழுத்தும் இருக்கிற கடிதம். அதாலதான் விசாரணை. அது இப்ப உங்கட பைக்குள்ள இருக்கெண்டும் தெரியும், றேமண்ட் அங்கிளுக்கு எடுத்துக் காட்டினீங்க. கடிதத்தில எழுத்து எவ்வளவு வடிவா இருக்கு, பாத்தீங்களா? ழானாவிட வால் ஒரு சுழி சுழிச்சிருக்கும்.

அது என்ட எழுத்து.

இருங்க. இருங்க அண்ணா, ப்ளீஸ். கத்துறதெண்டா கத்துங்க, ஆனா இருந்து கத்துங்க.

இங்க கடிதமெல்லாம் நான்தான் எழுதுறது. லைட் பில் பிழையெண்டாலும் நான், பிள்ளைய ஸ்கூல்ல சேக்கிறதெண்டாலும் நான். தமிழும் சிங்களமும் எழுதத் தெரிஞ்சவள் எண்டு. லிஸ்ட்டில பேர் இல்லையெண்டதும் எல்லாரும் எங்கட வாசல்லதான் கூடினாங்க. றேமண்ட் அங்கிள் சொல்லுறார். அந்த ஆளிட குரல் தெரியும்தானே, தொண்டைக்குள்ள கல்லுப் போட்டு உருட்டுற மாதிரி. எழுது மகள், அந்தத் தம்பி எங்களிட்ட ஒண்டும் கேக்கேல்ல, ஒபிஸ்ல இருந்துகொண்டு தன்ட பாட்டுக்கு நிரப்பிப்போட்டார் எண்டு எழுது. எழுதினன். கை நிக்கேல்ல. உங்கட பேரையும் எழுதினன். ராகுலன் எண்டு, ஒரு எழுத்துப் பிழை இல்லாம. வெயில்ல பதினொரு வாசல்லயும் நிண்டது ஞாபகம் வந்துகொண்டே இருந்துது, எழுதிக்கொண்டே இருந்தனான்.

பொய் சொன்னது அவங்க இல்ல அண்ணா. அவங்க உண்மையத்தான் சொன்னாங்க. இண்டைக்கும் உண்மையத்தான் சொன்னாங்க. அவங்க ஒருத்தரும் உங்களோட கதைக்கேல்ல.

அப்ப பதினொரு பேர் கதைச்சது ஆர் எண்டு கேக்கிறீங்க. கேளுங்க. இது எங்கட தோட்டத்துப் பழக்கம். ஒபிஸ் மாதிரி ஒரு போன் வந்தா ஒருத்தரும் கதைக்கமாட்டாங்க. சிங்களம் வந்தாப் பயம், நல்ல தமிழ் வந்தா அதைவிடப் பயம். போனத் தூக்கிக்கொண்டு எங்கட வீட்டுக்கு ஓடி வருவாங்க. பேங்க்காரன் வீட்டு ஆளிட்டக் குடுங்க எண்டுவான். நான் றேமண்டோட கதைக்கவேணும் எண்டா, நான் றேமண்ட். தண்ணிப் பில்காரி மேபல் அம்மாவக் கேட்டா, நான் மேபல் அம்மா. பன்னிரண்டு வயசில இருந்து செய்யிறன். முதல் உதவிக்கு. பிறகு... உதவிக்குத்தான், ஆனா நல்ல ருசி அதில. ஒருத்தரும் இதுவரைக்கும் பிடிக்கேல்ல.

மேபல் அன்ரி சைகை காட்டினது எனக்குத்தான். கக்கூஸ் ஒண்டுதான் அவ கேட்டது. பியானோ, அவ அங்கால போன நேரம் நான் போட்டது. நீங்க அதையும் மிச்சம் நல்லது எண்டு எழுதினீங்க பாருங்க, அதோட எனக்குப் பிடிச்சுப்போச்சு. இந்த ஆள் இன்னும் என்ன சொன்னா நம்புவார் எண்டு பாப்பம். அதுக்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் கூட்டம் கூட்டமாப் போனோட வந்தாங்க, நான் உள்ளுக்குப் போய்க் கதவப் பூட்டிப்போட்டு, போர்வைக்குள்ள தலைய விட்டுக்கொண்டு கதைச்சனான், பலகைச் சுவரால கேக்கக்கூடாது எண்டு. வெளியில வந்து எல்லாம் சரி, சொல்லியாச்சு எண்டன். எந்த ஒபிஸ் கோல், என்ன சொன்னன் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. என்னை அவ்வளவு நம்பிக்கை.

நம்பமாட்டீங்களா? வோஷிங் மெஷினா? ரெண்டு இருக்குத் தம்பி, ஒண்டு வெள்ளை உடுப்புக்கு, மற்றது கலர் உடுப்புக்கு. நான் அதில கொஞ்சம் கவனம்.

அங்கிளிட குரல்தானே? அவர் கதைச்சதப் பக்கத்தில நிண்டு கேட்டுட்டுச் சொல்லேல்ல அண்ணா, கதைச்சதே நான்தான். றேணுகா அக்காவையும் செய்யவா? வேணாம். அது என்னால ஏலாது இப்ப.

நாளைக்கு நான் உங்களோட வாறன். ஒன்பது மணிக்கு. மெடத்துக்கு முன்னால பதினொரு குரல்லயும் கதைச்சுக் காட்டுறன், பெட்டிசனையும் எழுதிக் காட்டுறன், ழானா வாலோட. பொலிஸுக்குக் குடுத்தாக் குடுக்கட்டும். ரெண்டாம் லிஸ்ட் இந்த மாசக் கடைசியிலதானே? புள்ளி எல்லாத்தையும் சிவப்பா மாத்துங்க. தோட்டத்து ஆக்களிட்டயும் இண்டைக்கே சொல்லிப்போடுறன். றேமண்ட் அங்கிள் அடிப்பார், பரவாயில்ல.

தலைய ஆட்டுறீங்க. என்ன? பத்துப் பேர் நானெண்டா நம்புறீங்க. மேபல் அன்ரி மட்டும் இல்லையெண்டுறீங்க. அவ உங்களோட உண்மையாவே கதைச்சவவா? இண்டைக்குப் பயத்திலதான் தெரியாத மாதிரி நிண்டவவா?

அண்ணா, அவ வேலைக்குப் போகேக்க போன எங்கட வீட்டிலதான் வச்சிட்டுப் போவா, ராவில பிந்தி வந்துதான் எடுப்பா. கொள்ளுப்பிட்டியில அவ சமைக்கிற வீட்டு மெடத்துக்கு போன் பிடிக்காது.

இல்ல, கேளுங்க. சேர்வே முடிஞ்சு மூண்டு கிழமைக்குப் பிறகு, ஒரு கேள்வி விட்டுப்போச்சு அம்மா எண்டு நீங்க மேபல் அன்ரியிட நம்பருக்குத் திருப்பிக் கோல் எடுத்தீங்க. கூரை தகரமா, ஷீற்றா எண்டு. அது முதல் நாளே கேட்டாச்சு. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பிறகு ஃபோமில இல்லாத கதை இருபது நிமிஷம். அதுக்குப் பிறகு கேள்வி ஒண்டும் இல்லாமலே நாலு தரம். நான் எடுத்திருக்கக்கூடாது. அந்த நம்பர் மினுங்கினா முதல் பகிடியாத்தான் எடுத்தனான். பிறகு வச்சிட்டு அப்பிடியே சுவரப் பாத்துக்கொண்டு இருப்பன். எப்பிடி நிப்பாட்டுறதெண்டு தெரியேல்ல.

குரல் மட்டும்தான் மேபல் அன்ரியிட. அவ அப்பிடியெல்லாம் ஒருத்தரையும் கேக்கிற ஆள் இல்ல, இண்டைக்குக் கண்டீங்கதானே. கேட்ட கேள்வியெல்லாம் என்ட அம்மா குவைத்தில இருந்து என்னட்டக் கேக்கிறது. வேற எங்க போய் எடுக்கிறது நான்?

இன்னும் இல்லையெண்டுறீங்க. யாரோ சொல்லிக் கேட்டிருப்பன் எண்டுறீங்க.

சிரிக்க ஒண்டு சொல்லுறனெண்டு சொன்னனான். இதுதான் அது. கண்ண மூடுங்க ஒருக்கா. மூடுங்களேன் அண்ணா, பகிடி இல்ல.

மகன்... ராகுலன் மகன்தானே? என்ன, இன்னும் ஒபிஸ்லயா? சாப்பிட்டாச்சா? பொய் சொல்லாதீங்க, கதைக்கிற சத்தத்திலேயே பசி தெரியுது. எட்டு மணிக்குக் குசினியப் பூட்டினா என்ன, றோட்டுக்கு இறங்கி ரெண்டு அப்பம் சாப்பிட்டாக் குறைஞ்சா போயிடுவீங்க? அம்மா இருந்திருந்தா இந்நேரம் எத்தின தரம் கோல் எடுத்திருப்பா. அதில ஒரு கோல் இதெண்டு நினைச்சுக்கொள்ளுங்க மகன். சாப்பிட்டிட்டு எனக்கு ஒருக்கா ரிங் மட்டும் குடுங்க, நான் எடுக்கமாட்டன், சாப்பிட்டீங்க எண்டு தெரிஞ்சாக் காணும்...

அண்ணா.

கண்ணத் திறந்திட்டீங்க.